கதவுக்குப் பெயிண்ட் அடித்தவர்

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, பிரஷ் கழுவியது. நல்லையா டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றினார். கோவையில் மோட்டார் கம்பெனியில் இஞ்சினியராக வேலை பார்க்கும் மகள் சுதாராணி, லீவில் பேத்துப்பாறைக்கு வந்திருந்தவள், பிரஷ்களை முக்கிப் பிழிந்தாள்.

“நாளைக்கு வெள்ளனே திண்டுக்கல் போறேன் புள்ள. என் படம் போட்ட பேப்பர்காரரைப் பாக்கணும்.”

“நானும் வர்றேம்ப்பா.”

“நீ எதுக்கு? இஞ்சினியர் வந்து சொன்னாத்தான் நான் திருடன் இல்லன்னு நம்புவாரோ?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நல்லையா இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அவரைப்போல் அங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பி வந்தவர்களுக்கு வீடு கட்ட என்று ஒரு தொண்டு நிறுவனம் வெளிநாட்டில் பணம் வாங்கியது. அவர்கள் இருந்த காலனியில் கட்டியது ஒரே வீடு. அதன் கதவுக்கு நிறம் மாற்ற அடிக்கடி நல்லையாவைக் கூப்பிட்டார்கள். ஒருமுறை நீலம், அடுத்து பச்சை, பிறகு காவி. ஒவ்வொரு முறையும் வேறொரு குடும்பத்தைக் கதவு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்குச் சந்தேகம் வரவில்லை. தோட்டத்தில் துரை வருகிறார் என்றால் லயத்துக்கு வெள்ளையடிப்பார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு வீரம்மாள்தான் கேட்டாள். “ஏண்ணே, என்னைய நிக்கவச்சுப் படம் புடிச்சு வருசமாச்சு. வீட்டுச் சாவி எங்கண்ணே?”

2006இல் நிருபர் ஒருவர் வந்தபோது நல்லையா எல்லாவற்றையும் சொன்னார். கதவைச் சுரண்டி அடியிலிருந்த நிறங்களையும் காட்டினார். நிருபர் எழுதியது அத்தனையும் உண்மை. ஆனால் நிறுவனத்தின் செயலாளர் தன்னைப் படம் எடுக்க விடவில்லை. ‘வீடு கட்டாமல் மோசடி’ என்ற தலைப்புக்குக் கீழே, பிரஷ்ஷும் கையுமாக நல்லையா நின்றார். அவர் யாரென்று ஒரு வரி இல்லை.

பெருமாள்மலை டீக்கடையில் படம் பார்த்தவர்கள் செய்தியைப் படிக்கவில்லை. “என்ன பெயிண்டரே, டாலர்ல சம்பளமா?”

வெளிநாட்டுப் பணம் நின்றது. அந்தப் பணத்தில் காலனிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த பாலும் நின்றது. செயலாளர் வேறு ஊரில் வேறு பெயரில் நிறுவனம் தொடங்கினார். அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை. நல்லையாவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. வீரம்மாள் மட்டும் தன் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னாள். அன்று கழுவியது அந்தப் பிரஷ்களைத்தான்.

“பெருசா ஒண்ணும் வேணாம் புள்ள. பேப்பர்ல திரும்ப அதே படம். கீழ ‘உண்மையைச் சொன்னவர்’னு ஒரு வரி.”

விடியும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேட்டார்கள். வீட்டில் இருந்தது பேப்பரில் வந்த படம் ஒன்றுதான். சுதாராணி அதைக் கத்தரித்துக் கொடுத்தாள். கீழே பெயரும் ஊரும் மட்டும் போடச் சொன்னாள். அந்த வரியைப் போடவேண்டியது பேப்பர்காரர்.

திண்டுக்கல்லுக்கென்று தேய்த்துவைத்த சட்டை ஆணியில் தொங்குகிறது. போக வேண்டிய வேலை அப்படியே கிடக்கிறது.