இடப்பக்கத்து ஜால்ரா

எனக்குச் சோறு போடுவது என் காது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்விசிறி மோட்டார் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், வரிசையின் கடைசியில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை இருக்கிறது. மோட்டார்கள் ஒவ்வொன்றாக அங்கே வரும். ஓடவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பேன். பேரிங்கில் மெல்லிய சீற்றமோ கீச்சோ இருந்தால் சிவப்புச் சீட்டு, இல்லையென்றால் பச்சைச் சீட்டு. பதினான்கு வருஷமாக இதுதான் வேலை. ஒரு தடவை இதற்கென்று இயந்திரம் வாங்கி வைத்தார்கள். அது தவறவிட்டதையெல்லாம் நான் பிடித்தேன். அன்றிலிருந்து எனக்குப் ‘பாம்புச்செவி அக்கா’ என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும் என்பதை மறைப்பானேன்.

அந்தத் திமிரில்தான் இயர்போன் பைத்தியமும் பிடித்தது. மற்ற பெண்கள் தீபாவளிக்குச் சேலை பார்ப்பார்கள், நான் காதில் மாட்டுவதைப் பார்ப்பேன். சூலியா தெருவில், பணமாற்றுக் கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே ஓர் ஆள் அகலமே உள்ள கடை ஒன்று உண்டு. அதை நடத்துகிறவர் முப்பத்தைந்து வயதுத் தமிழ் முஸ்லிம். நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார். தெரிந்த வாடிக்கையாளர் என்றால் இரண்டு செட்டைக் கொடுத்துவிடுவார். ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்கலாம், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்கலாம். காதுக்குள் போகும் ரப்பர் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அந்த வருஷத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை, இடப்பக்கம் சத்தம் குறைவு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. மூன்றாவது முறையாக ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை என இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

இரண்டும் ஐந்நூறு வெள்ளியை ஒட்டிய விலை. இரண்டும் ஹைபிரிட் வகை. அதாவது, தவில் போன்ற கனத்த சத்தத்துக்கு ஒரு டிரைவர், அதாவது சத்தம் எழுப்பும் குட்டி ஸ்பீக்கர், குரலுக்கும் மேலே கீச்சென்று போகும் சத்தங்களுக்கும் வேறு குட்டி டிரைவர்கள், எல்லாம் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய கூட்டுக்குள். ஒரே அடுப்பில் சோறும் குழம்பும் வைக்கிற மாதிரி. ஒன்று பொங்கினால் மற்றது கெடும். எந்தக் கம்பெனி இரண்டையும் பக்குவமாக இறக்கியிருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்களைப் போன்ற பைத்தியங்களுக்கு வேலை.

கறுப்பில் தவில் நெஞ்சில் வந்து விழுந்தது. குரல் கொஞ்சம் பின்னால் நின்றது, கல்யாண வீட்டில் தூணோரம் நிற்கிற சித்தப்பா மாதிரி. பச்சையில் பாடகி மூச்சு இழுப்பதுகூடத் தெரிந்தது. சுத்தமான ஒலி, ஆனால் ஆஸ்பத்திரிச் சுத்தம். பத்து நிமிஷம் கேட்டால் எழுந்து வெளியே போகத் தோன்றும். கறுப்பை மாட்டினால் பச்சை ஞாபகம், பச்சையை மாட்டினால் கறுப்பு ஞாபகம். ஜெலுத்தோங் பசாருக்குப் போகும்போது கறுப்பு, மீன் வாங்கித் திரும்பும்போது பச்சை. வேலைக்குப் போகும் பஸ்ஸில் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்றி மாற்றி மாட்டியதில், பக்கத்து சீட்டுப் பெண் எழுந்து வேறு இடம் போய்விட்டாள். அந்த வாரம் ஒரு பாட்டையும் நான் முழுதாகக் கேட்கவில்லை.

மனம் ஓரிடத்தில் நிற்காததற்கு வேறு காரணமும் இருந்தது. அடுத்த புதன்கிழமை தொழிற்சாலைக்குக் காதுப் பரிசோதனை வண்டி வரும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். வருஷா வருஷம் வருவதுதான். போன வருஷம் வரை நான் சிரித்துக்கொண்டே போய் வந்தேன். தகடு அடிக்கும் பிரெஸ் பகுதியில் வேலை செய்த ஒருத்தி அதில் தேறாமல் பேக்கிங்குக்குப் போனாள். பெட்டி மடித்து டேப் ஒட்டும் வேலை. பாவம் என்று அவளிடம் சொன்னேன். நமக்கென்ன என்று மனசுக்குள் நினைத்தேன். இந்த வருஷம் அந்தக் காகிதத்தைக் கடக்கும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று நான் என்னையே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு முடிவுக்கு வந்தே தீருவது என்று சமையல் மேசையில் உட்கார்ந்தேன். எனக்குப் பாடமான ஒரு பஜனைப் பதிவு உண்டு. நடுவில் குரல், வலப்பக்கம் ஹார்மோனியம், இடப்பக்கம் ஜால்ரா. கறுப்பில் கேட்டேன். ஜால்ரா இல்லை. பச்சையில் கேட்டேன். தூரத்தில் யாரோ சாவிக்கொத்தை ஆட்டுகிற மாதிரி ஏதோ, பிறகு அதுவும் இல்லை. ரப்பரை மாற்றினேன், முனையைத் துடைத்தேன், ஒன்றின் ஒயரைக் கழற்றி மற்றதில் மாட்டினேன். போனை மாற்றி என் வீட்டுக்காரர் போனில் போட்டேன். கோபம் தலைக்கேறியது. ஐந்நூறு வெள்ளிக்கு ஒரு ஜால்ராவைக் கொண்டுவர முடியவில்லையா?

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஞாயிறு என்றால் தேநீரும் பேப்பரும்தான்.

“ஏன் மொகத்த இப்பிடி வெச்சிருக்கே?”

“ரெண்டுமே ரோசாக். கெட்டுப் போனதத் தூக்கிக் கொடுத்திருக்கான். இடது பக்கம் ஜால்ராவே வரல.”

“ரெண்டுமேவா? இதுக்கு முன்னாடி வாங்குனதும் அப்பிடித்தான்னு சொன்னே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

“நீங்களே கேட்டுப் பாருங்க அப்ப.”

அவருக்குத் தவிலுக்கும் தகர டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் தைரியமாகக் கொடுத்தேன். கறுப்பின் இடப்பக்கத்தை மட்டும் அவர் காதில் செருகினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். பிறகு பேப்பரைப் பார்த்தபடியே, ஆள்காட்டி விரலால் மேசையில் தட்ட ஆரம்பித்தார். டிக் டிக், டிக். டிக் டிக், டிக்.

“என்ன தட்டறீங்க?”

“இதத்தான். சலக் சலக்னு வருதே. நல்லா காதக் குத்துது லா.”

பச்சையைக் கொடுத்தேன். அதே தட்டு. பாட்டில் ஜால்ரா எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். அவர் விரல் ஓரிடத்திலும் தப்பவில்லை.

இந்த இயர்போன்களில் ஒரு விஷயம். இடது கூடு இடது காதின் மடிப்புக்கென்றே வளைத்துச் செய்தது, ஒயரும் அந்தக் காதின் மேலாகச் சுற்றி வரும். இடதை வலது காதில் மாட்டுவது, செருப்பைக் கால் மாற்றிப் போடுவது மாதிரி. எங்களில் ஒருவரும் செய்ய மாட்டோம். ஒயரை மாற்றுவோம், ரப்பரை மாற்றுவோம், போனை மாற்றுவோம், இன்னொரு ஐந்நூறு வெள்ளியையும் மாற்றுவோம். காதை மட்டும் மாற்றிப் பார்க்க மாட்டோம். எனக்கும் அதுவரை தோன்றவில்லை.

கறுப்பின் இடது கூட்டைத் தலைகீழாகத் திருப்பி, ஒயர் கன்னத்தில் தொங்க, வலது காதில் அழுத்திப் பிடித்தேன்.

ஜால்ரா வந்தது. சலக் சலக், சலக். வெள்ளி மாதிரிப் பளிச்சென்று, பக்கத்தில் வந்து நின்றது. கையை எடுக்காமல் பாட்டு முடியும்வரை கேட்டேன். அந்த வாரத்தில் நான் முழுதாகக் கேட்ட முதல் பாட்டு அதுதான். எனக்குப் பயமாக இருந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கூடத்தைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை வேலையில் உட்கார்ந்தபோது இன்னொன்று விளங்கியது. அந்த அறையில் எல்லோரும் இடது காதைத்தான் மோட்டார் பக்கம் சாய்ப்போம். வலது கை ஸ்விட்சுக்கும் சீட்டுக்கும் வேண்டும். பதினான்கு வருஷமாக நானும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு முன்னால், விளக்கு கண்ணில் அடிக்கிறது என்று சொல்லி என் நாற்காலியை மறுபக்கம் திருப்பிப் போட்டிருந்தேன். அன்றிலிருந்து வலது காதால் கேட்கிறேன், இடது கையால் ஸ்விட்சு போடுகிறேன். அன்று தலையை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தேன். அது எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கண்ணில் அடிக்காத விளக்கு. என்னிடமே நான் பொய் சொல்லியிருக்கிறேன், அதுவும் இவ்வளவு நேர்த்தியாக. நாற்காலியைத் திருப்புவதற்கு முன்னால், கேட்காத காதைச் சாய்த்து எத்தனை மோட்டாருக்குப் பச்சைச் சீட்டு ஒட்டினேனோ? எந்த ஊரில் எவர் தலைக்கு மேலே அவை கீச்சிட்டுக்கொண்டு சுற்றுகின்றனவோ?

இவ்வளவு யோசித்தவள் உடனே போய்ச் சொல்லியிருப்பேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து பரிசோதனையை எப்படி ஏமாற்றுவது என்று கணக்குப் போட்டேன். அது லைனில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ‘பீப்’ மூன்று தடவை வரும், ஒரு மூச்சு இடைவெளி விடும், மறுபடி மூன்று. முதலில் வலது காது, பிறகு அதே வரிசையில் இடது காது. வலதில் வரும்போது மனசில் வாங்கிக்கொண்டு, இடதில் அந்தக் கணக்குக்குப் பொத்தானை அமுக்கினால் தீர்ந்தது. எனக்கா தாளம் தப்பும்? மேசையில் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பழகினேன்.

“சொல்லிரு,” என்றார் அவர். “மிஞ்சிப் போனா பேக்கிங்ல போடுவாங்க. அவ்ளோதானே.”

“ஒங்களுக்கு அவ்ளோதான். என்ன எப்பிடிக் கூப்பிடறாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். பேக்கிங்கில் யாரும் பாம்புச்செவி அக்கா என்று கூப்பிடப் போவதில்லை. சம்பளத்தைவிட அதுதான் என்னைக் குடைந்தது. அப்போது ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து சூலியா தெருவுக்குப் போனேன். இரண்டு பெட்டியையும் மேசைமேல் வைத்தேன்.

“எத வெச்சுக்கிறீங்கக்கா? கறுப்பா, பச்சையா?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“ரெண்டுலயும் லெஃப்ட் சரியில்ல தம்பி.”

அவர் பேனாவை எடுத்து, இரண்டு பெட்டிமேலும் ‘இடது’ என்று எழுதினார்.

“சாரிக்கா. போன தடவ நீங்க கொடுத்ததயும் நான் கேட்டுப் பாத்தேன். எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒங்க காது மாதிரி வருமா? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிடறேன்.”

பளாரென்று அறைந்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. தன் நல்ல காதைவிட என் கெட்ட காதை அந்த மனுஷன் நம்புகிறார். எனக்காகக் கம்பெனியிடம் போய் நிற்கப் போகிறார். பெட்டிகளைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று கை நீண்டது. பின்னால் வேறு ஆள் வந்து நின்றார். நான் நகர்ந்துவிட்டேன். அன்று பஸ்ஸில் காதில் எதையும் மாட்டவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தேன்.

புதன்கிழமை என் முறை வந்தது. வண்டிக்குள் குளிர்பெட்டி மாதிரி ஓர் அறை, கனத்த கதவு, சின்னக் கண்ணாடி. வெளியே தமிழ் நர்ஸ், இருபத்தைந்து வயது இருக்கும். ஹெட்போனை மாட்டிவிட்டு, பொத்தானைக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினாள். வலது காதில் எல்லாம் வந்தது, மிக மெல்லியதுகூட. வரிசையை மனசுக்குள் வாங்கிக்கொண்டேன். இடதில் முதலில் கனத்த சத்தங்கள் வந்தன, அமுக்கினேன். பிறகு மேலே போகப் போக ஒன்றும் இல்லை. ஆனால் எப்போது வருகிறது என்று எனக்குத் தெரியும். மூன்று, ஒரு மூச்சு, மூன்று. கட்டைவிரல் பொத்தான் மேல் துடித்தது. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று சூலியா தெருவிலிருந்து ஒரு குரல் மட்டும் நன்றாகக் கேட்டது. விரலைத் தூக்கி, கையை மடியில் வைத்துக்கொண்டேன். மூன்று, ஒரு மூச்சு, மூன்று.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கையில் இன்னொரு ஹெட்போனுடன் நர்ஸ் நின்றாள்.

“அக்கா, லெஃப்ட்ல மேல் சத்தத்துக்கு ஒண்ணுமே அமுத்தலயே. ரைட்டு அவ்ளோ நல்லா வந்துச்சு. இந்த ஹெட்போன் ரோசாக் போல. வேற மாத்திப் பாப்போம் லா.”

எனக்கு வேண்டிய பொய்யை அவளே கையில் கொண்டுவந்து நீட்டினாள்.

“மாத்த வேணாம்மா,” என்றேன். “ஹெட்போன் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கேக்கல.”