மூன்று எல்போவும் ஒரே விரிசலும்

மலேசியாவின் புக்கிட் செந்தோசாவில், அந்த வீட்டு வரிசையில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் நவமணி அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. வீடு திரும்பியதும் ஸ்பானரும், குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்புமாகக் கிளம்பிவிடுவார். காசு வாங்கமாட்டார். நவமணி கை வைத்தால் சொட்டாது என்ற பேச்சே அவருக்குப் போதும்.

அந்தப் பேச்சுக்குத்தான் இப்போது ஆபத்து. பக்கத்து வீட்டு ஷாமளாவின் சமையலறையில், பித்தளைக் குழாயைத் திருகி மாட்டும் பிளாஸ்டிக் வளைவுத் துண்டான எல்போ மூன்றாவது முறையாக வெடித்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்கக்கா. சனிக்கிழமை என்னைப் பொண்ணு பாக்க வராங்க. இதுவும் போச்சுன்னா வெளியாளத்தான் கூப்பிடணும் லா" என்றாள் ஷாமளா.

நவமணி வெடித்த எல்போவைக் குழாயோடு கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பழையவை இரண்டும் பிஸ்கட் டின்னில் கிடந்தன. மூன்றையும் மேசைமேல் வைத்துப் பார்த்தார். கடைக்காரர் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். ஆனால் மூன்றாவதை வேறு கடையில் அல்லவா வாங்கினார்? மூன்றிலும் விரிசல் வாயில் தொடங்கி நேராகக் கீழே இறங்கியது. உள்ளிருந்து ஏதோ நெருக்கிப் பிளந்த மாதிரி இருந்தது.

உள்ளே போனது என்ன? குழாயின் மரையிலிருந்த டேப்பை எண்ணிக்கொண்டே உரித்தார். இருபத்திரண்டு சுற்று.

அவர் வளர்ந்த எஸ்டேட் லய வீடுகளில் எல்லாம் இரும்புக் குழாய். சணலைத் தடிமனாகச் சுற்றி, ஸ்பானர் நகராதவரை முறுக்குவார்கள். அவர் கை அப்படியே பழகியிருந்தது. இரும்பு தாங்கும். பிளாஸ்டிக் தாங்குவதுபோல் இருந்துவிட்டு, சில நாளில் பிளக்கும்.

சந்தேகம் தீர, ஒரு புது எல்போவை வேண்டுமென்றே பழையபடி முறுக்கி வைத்தார். மூன்றாம் நாள் அதன் வாயில் மயிரிழை போல ஒரு கோடு.

வெள்ளிக்கிழமை ஷாமளா வீட்டில் ஏழே சுற்று சுற்றினார். கையால் இறுக்கி, ஸ்பானரால் அரைத் திருப்பு.

"அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான். மூணையும் உடைச்சது நான்தான் ஷாமளா. இன்னும் ஆறு வீட்ல இதே மாதிரி முறுக்கி வச்சிருக்கேன்."

"அப்ப ஆறு வீட்டுக்கும் வாளி வாங்கிக் குடுத்துருங்க."

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது குழாய் சொட்டவில்லை. அதைப் பார்க்க நவமணி அங்கே இல்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குழாயை ஏன் கழற்ற வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.