இரண்டு மணிக் கட்டம்

இது கதை இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய் என்றால் நடு ராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள்தான் நானும். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மத்தியானம் இரண்டு மணிக்கு, டியூப் லைட் அத்தனையும் எரிந்துகொண்டிருந்த ஓர் அறையில்.

நான் பிசியோதெரபிஸ்ட். முதுகு, முட்டி, தோள்பட்டை... வலிக்கிற இடத்தைத் தேய்த்தும் நீட்டியும் சரிசெய்வது என் பிழைப்பு. என் நாள் முழுவதும் போனில் இருக்கும் காலண்டரில் அடங்கியிருக்கும். வரவேற்பில் உட்காரும் பெண் அதில் எழுதலாம், அழிக்கலாம். நோயாளிகளுக்கு எந்த நேரம் காலி என்பது மட்டும் தெரியும். யார் பார்க்கலாம், யார் கை வைக்கலாம் என்று முடிவு செய்வது நான்.

அப்பாவுக்கும் எழுதும் அனுமதி கொடுத்திருந்தேன். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்த மனுஷன். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே பஸ் நான்தான். கடிகாரத்தில் மணி பார்க்கும் முன் அதன் கண்ணாடியை இரண்டு தடவை விரலால் தட்டுவார். டொக்... டொக். ஓடுகிறதா என்று சோதிக்கிறாராம்.

ஒரு நாள் இரண்டு மணிக் கட்டத்தில், மரக்கலரில் ஒரு வார்த்தை முளைத்திருந்தது. 'சாப்பிடு'. தினமும் வரும்படி போட்டிருந்தார். முடிவு தேதி கிடையாது. அதனால் அந்த நேரம் காலி இல்லை என்று, இடுப்பு வலியோடு வந்த ஒரு பெரியவரை வரவேற்புப் பெண் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அப்பாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"உங்களுக்கு ஏம்ப்பா இந்த வேலை?"

"நீ நாலு மணிக்குத்தான் சாப்பிடறியாமே. அந்தப் பொண்ணு சொல்லிச்சு. ஊருக்குத்தான் உபதேசமா பாப்பா?"

எனக்கு நாற்பத்தொரு வயது. இன்னும் பாப்பா. அன்றைக்கே அந்தக் கட்டத்தை அழித்து, அவர் அனுமதியையும் குறைத்து, 'நேரம் மட்டும்' என்று மாற்றினேன். அதன் பிறகு அவர் போனில் என் நாள் வெறும் சாம்பல் கட்டங்களாகத்தான் தெரிந்திருக்கும், உள்ளே ஒரு எழுத்தும் இருக்காது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரோஷக்காரர்.

ஆறு வாரம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் 2:20. ஓர் அம்மாவின் முட்டியை மெல்ல மடக்கிக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் என் போன் ஊமை. காலண்டர் மட்டும்தான் மணியடிக்கும். அடித்தது.

'அப்பா எழுத அனுமதி கேட்கிறார்.' கீழே இரண்டு பொத்தான். அனுமதி. மறு.

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று எரிச்சல். 'மறு'வை அழுத்தினேன்.

3:30-க்கு அண்ணன் அப்பாவின் வீட்டுக்குப் போனபோது அவர் நாற்காலியிலேயே போயிருந்தார். மாரடைப்பு. போன் மடியில் கிடந்தது.

காலண்டர் அடித்தால்தான் எனக்குக் கேட்கும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அப்படியென்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். நான்தான் முடியாது என்றிருக்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் கொடுத்த காகிதத்தை அண்ணன் நீட்டியபோதும் வாங்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்தக் கல்லை நான் சுமந்துகொண்டு திரிந்தேன்.

அப்பாவின் பெயரைக் காலண்டரிலிருந்து எடுத்தேன். அவர் போனை அணைத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அப்பா போய் இருபத்து மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை. சரியாக 2:00.

மணி அடித்தது. இரண்டு மணிக் கட்டம் நிறம் மாறியிருந்தது. அப்பாவின் அதே மரக்கலர். உள்ளே எழுத்து இல்லை.

வரவேற்புப் பெண்ணைக் கூப்பிட்டேன். "என்ன இது, விளையாடறியா?"

"நான் தொடவே இல்ல மேடம்... சத்தியமா." அவள் கண் கலங்கிவிட்டது. கட்டத்தை அழித்தேன்.

வெள்ளி, 2:00. மறுபடியும் அதே கட்டம். அனுமதிப் பட்டியலைத் திறந்தேன். இரண்டே பெயர். நான், அவள்.

சனிக்கிழமை அவளுக்கு லீவு. நான் தனியாக இருந்தேன். 2:00-க்குக் கட்டம் வந்தது. அழிக்க விரல் போனது.

வெளியே, காத்திருக்கும் அறையில், சுவர்க் கடிகாரத்தின் பக்கம்...

டொக்... டொக்.

திரைச்சீலையை விலக்கினேன். யாரும் இல்லை. கதவு உள்பக்கம் தாழிட்டபடி. ஐந்து நாற்காலிகள். ஒன்று மட்டும் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

போனைப் பிடித்தபடி அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

2:20. மணி.

'அப்பா எழுத அனுமதி கேட்கிறார்.'

டொக்... டொக். இந்தத் தடவை என் முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை.

"நீங்க கூப்பிட்டது தெரியலப்பா..." என்றேன்.

'அனுமதி'யை அழுத்தினேன்.

2:21. கட்டத்துக்குள் எழுத்து வந்தது. ஒவ்வொன்றாக. அப்பா ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கும் அதே வேகத்தில்.

சா...

ப்...

பி...

டு.

கீழே: தினமும். முடிவு தேதி: இல்லை.

அவ்வளவுதான். காப்பாற்று என்று இல்லை. ஏன் வரவில்லை என்றும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன். அப்பாவின் போன் அணைந்தபடியே கிடந்தது. நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், முதல் தடவையாக எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்பா என்னைக் கூப்பிட்டிருக்கார் அண்ணா. நான்தான் மறுத்துட்டேன்."

"எத்தனை மணிக்குன்னு சொன்ன?"

"ரெண்டு இருபது."

அண்ணன் என் முகத்தையே பார்த்தான். பிறகு உள்ளே போய் டாக்டர் காகிதத்தை எடுத்து வந்து, நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தான்.

"நீயே படி."

உயிர் பிரிந்த நேரம்: காலை பதினொரு மணிக்கு முன்.

போய்ச் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு அப்பா என்னிடம் அனுமதி கேட்டிருக்கிறார். நான் மறுத்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சாப்பிடவே இல்லை.