படத்திற் சிக்காத நோய்

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடியில் வசிக்கும் எம்போன்றோருக்கு நோய் இங்கே வரும். தீர்மானம் அங்கிருந்து வரவேண்டும். அவ்வாறு எந்தச் சட்டமும் இல்லை. ஆயினும் நாம் அதை மீறுவதில்லை.

சென்ற ஆண்டு ஒரு பிற்பகல், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவியின் வலக்கையிலிருந்து கோப்பை நழுவியது. வாய் ஒருபக்கம் கோணிற்று. ஏதோ சொல்ல முயன்றாள், சொல் வரவில்லை. எமது மணவாழ்வில் அவளுக்குச் சொல் வராதது அதுவே முதன்முறையாதலால், விடயம் பாரதூரமானது என்று உணர்ந்தேன்.

முச்சக்கரவண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைந்தேன். உடனே தலையை ஸ்கேன் எடுத்தார்கள். இளம் வைத்தியர் திரையைக் காட்டி, "ஸ்கேன் நோர்மல், ஐயா. ஆனா..." என்று தொடங்கினார். அந்த 'ஆனா' முடியுமுன் நான் திரையைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

லண்டனிற் கணக்காளராயிருக்கும் மகன் அழைத்தான். "நோர்மல் எண்டால் பிறகென்ன அப்பா? அம்மாவை வீட்ட கூட்டிக்கொண்டு போங்கோ. ஆஸ்பத்திரியெண்டால் கிருமி." மெல்பேணிலிருந்து மைத்துனி கும்பிடும் கைகளை வரிசையாக அனுப்பினாள். நான் மனைவியின் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"எங்க ஐயா போறியள்?" வைத்தியர் வழிமறித்தார். "மூளையில ரத்தம் கசியேல்லை எண்டுதான் ஸ்கேன் சொல்லுது. ரத்தக்குழாய் அடைப்பு உடன அதில தெரியாது. ஆனா அம்மாவைப் பாத்தால் தெரியுது. கசிவு இல்லாதபடியால்தான் அடைப்பைக் கரைக்கிற மருந்து ஏத்தலாம். பிந்தினால் ஏலாது. அந்த மருந்தாலயும் கசியக்கூடும், அதுதான் உங்களைக் கேக்கிறன்."

"மகனிட்ட ஒருக்கா..."

"மகனோ இஞ்ச படுத்திருக்கிறார்?"

தொலைபேசியில் மகனோ, ரொறன்ரோவிலுள்ள தன் தங்கை இன்னும் எழும்பவில்லை, அவளையும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான். அப்பொழுது மனைவி இடக்கையால் என் சட்டையைப் பற்றி இழுத்தாள். கண்ணிற் கோபம் குறைவின்றி இருந்தது. அதைச் சொல்லும் வாய்தான் இல்லை.

"மருந்தை ஏத்துங்கோ," என்றேன். குடும்பத்தின் அனுமதியின்றி நான் எடுத்த முதற் தீர்மானம் அது. தொலைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

பேச்சு மெல்லத் திரும்பிற்று. 'உப்பு', 'சாவி' போன்ற சில சொற்களுக்கு இன்றும் தடுமாறுகிறாள். என்னைத் திட்டுவதற்கு வேண்டியவை யாவும் வந்துவிட்டன.