கடிதத்துக்கு ஒரு தப்பு

என் அக்காவுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் பதினாறு வருடமாகக் கடிதம் அடிக்கிறாள். ஸ்டேஷனரி என்ற சொல்லில் ஓர் எழுத்து மாறினால் காகிதமும் பேனாவும் போய், அசையாமல் நிற்பது என்று ஆகிவிடும். அஃபெக்ட் எங்கே, எஃபெக்ட் எங்கே என்பதில் மெத்தப் படித்தவர்களே திணறுவார்கள். அக்கா திணறமாட்டாள். பக்கத்து மேசைப் பெண் தன் கடிதம் ஒவ்வொன்றையும் அவளிடம் நீட்டித் திருத்திக்கொண்டுதான் தன் மேனேஜரிடம் கொண்டுபோவாள்.

அக்காவின் மேனேஜர் வேறு ஆள். நல்ல மனிதர்தான், அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். எந்தக் கடிதமானாலும் சிவப்புப் பேனாவால் ஒரு சொல்லையாவது மாற்றாமல் கையெழுத்துப் போடமாட்டார். மாற்றினால்தான் படித்ததாக அர்த்தமாம். எல்லாம் சரியாக இருந்தால் சரியானதை மாற்றுவார். 'எங்கள் மேல் நம்பிக்கை இழக்க வேண்டாம்' என்று அக்கா எழுதியிருந்தால், லூஸ் என்பதில் ஓர் எழுத்தைச் செருகுவார். இழப்பது போய், தொளதொளவென்று ஆகிவிடும். வாடிக்கையாளர் போன் போட்டுச் சிரிப்பார். அடித்தவள் என்று திட்டு அக்காவுக்கு விழும்.

இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். வரைவு ஒவ்வொன்றிலும் ஒரு தப்பை அவளே வைத்துவிடுவாள். அவருக்குத் தெரிந்த குழப்பச் சொற்கள் மூன்றோ நான்கோதான். அவற்றில் ஒன்றை எடுத்து, கண்ணில் படும்படி முதல் வரியிலேயே போடுவாள். பணியாளர்களைக் குறிக்கும் பெர்சனெல் வரவேண்டிய இடத்தில், சொந்த விஷயத்தைக் குறிக்கும் பெர்சனல் இருக்கும். அவர் அதைப் பிடித்துச் சிவப்பில் வட்டம் போடுவார். முகம் மலர்ந்துவிடும், மீதியைத் தொடமாட்டார். பதினான்கு வருடத்தில் ஒரு கடிதம்கூடக் கெட்டுப்போகவில்லை. வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். நானும்தான் சிரித்தேன்.

இந்த வருடம் கடிதப் பிரிவுத் தலைவி ஓய்வு பெற்றார். அந்த இடம் கிடைத்தால் அக்காவின் கடிதங்கள் அவள் கையெழுத்திலேயே போகும், யார் மேசையிலும் போய் நிற்கவேண்டாம். அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். அவளை விட்டால் ஆளே இல்லை என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

தலைமை அலுவலகம் மேனேஜரிடம் கருத்துக் கேட்டது. அவர் அலமாரியிலிருந்து நான்கு தடித்த கோப்புகளை எடுத்து அனுப்பிவைத்தார். அக்கா அடித்த வரைவுகள் அத்தனையும், சிவப்பு வட்டங்களோடு. தன் உழைப்புக்குச் சாட்சியாக ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்தாராம். பக்கத்து மேசைப் பெண்ணின் மேனேஜரும் அவளுடைய வரைவுகளை அனுப்பினார். அக்கா திருத்திய வரைவுகள், ஒரு கீறல்கூட இல்லை. பதவி அந்தப் பெண்ணுக்குப் போயிற்று.

அக்கா நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, தனக்கும் வருத்தம்தான் என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் அக்கா சொல்கிறாள்.

"கடிதத்துக்கு ஒரு தப்பும்மா. நான் இருக்கப் போய் சமாளிச்சேன். அங்க உனக்கு யாரு திருத்திக் கொடுப்பா?"

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். "அதெல்லாம் நானே வேணும்னு வச்ச தப்பு சார். வைக்கலைன்னா நீங்க சரியா இருக்கறதை மாத்திடுவீங்க."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாராம்.

"தப்புப் பண்ணா ஒத்துக்கணும்மா. உன் வயசுக்கு இப்படி ஒரு கதை சொல்லலாமா?"

அன்று மாலை வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தலைமை அலுவலகத்துக்கே எழுதலாம், நானே வந்து அந்த ஆளை நாலு வார்த்தை கேட்கிறேன் என்று குதித்தேன். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னன்னுடி எழுதறது?" என்றாள். "அந்தக் கோப்பைப் பாத்தா நானே நம்பமாட்டேன்."