உயிரே போனாலும் பொய் சொல்லாத நகுதா

தஹ்ஸீனுக்குக் கப்பல் என்றாலே குமட்டும். அரசலாற்றில் படகுச் சவாரி போன அன்று, கரையில் கட்டிக் கிடந்த படகில் கால் வைத்ததுமே காலையில் பசியாறிய இடியாப்பம் வெளியே வந்துவிட்டது. அப்படிப்பட்டவள்தான் காரைக்காலில் பிள்ளைகளுக்குக் கடல் கதை சொல்லிப் பேர் வாங்கினாள்.

புருஷன் இக்பால் ஷார்ஜாவில். அவள் வீட்டிலேயே புர்கா தைத்து விற்றாள். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸாவில் ஓதிவிட்டு வரும் தெருப் பிள்ளைகள், தைத்து வைத்த துணி மேலெல்லாம் ஏறி மிதிப்பார்கள். அதட்டிப் பார்த்தாள். மிட்டாய் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். அப்படிப் பிறந்தவள் நகுதா நூரி. பாய்மரக் கப்பலின் தலைவி, உயிரே போனாலும் பொய் சொல்லாதவள்.

ஒருநாள் கொள்ளையர்கள் நூரியின் கழுத்தில் கத்தியை வைத்து, "தங்கம் எங்கே?" என்றார்கள்.

"அடித்தட்டுல, அரிசி மூட்டைக்குப் பின்னால" என்றாள் நூரி.

பிள்ளைகள் கொதித்துவிட்டார்கள். "என்ன மாமி, காட்டிக் கொடுத்துட்டா!"

தஹ்ஸீனுக்கே திக்கென்றது. "இருங்கடா, அவ இன்னும் முடிக்கல. 'ஆனா அங்க ஒரு கெடா கட்டியிருக்கு, முட்டும்'னா. அதை மட்டும் அவனுங்க நம்பல."

கெடா ஒவ்வொருவனாகக் கடலில் தள்ளியது. பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். உருண்டது புர்காக்கள் மேல்தான்.

மறுநாளிலிருந்து தெருவில் ஒரு பிள்ளையும் பொய் சொல்லவில்லை. அடுத்த வீட்டு சஃபியாவின் அண்ணன் மன்சூர் அலி விருந்துக்கு வந்து உட்கார்ந்தார். சஃபியாவின் மகள் இஃபாத் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, நீங்க வர்றீங்கன்னதும் உம்மா சுட்டு வச்ச இறால் வாடாவையெல்லாம் ஒளிச்சு வச்சிட்டாங்க."

பட்டினச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் பெரியநாயகியையும் அவள் விடவில்லை. "இது நேத்து மீனுன்னு உம்மா சொன்னாங்க."

"நேத்து இல்ல தாயி, முந்தாநாளு" என்றாள் பெரியநாயகி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சஃபியா மூச்சிரைக்க வந்தாள். "லாத்தா, உண்மை நல்லதுதான், யாரு வேணாங்குறா? கொஞ்ச நாளைக்கு வேற குணம் ஏதாவது சொல்லுங்களேன்."

தஹ்ஸீன் யோசித்து, அடுத்தவர் குறையை மறைக்கும் குணத்தை எடுத்தாள். புயலில் ஒரு பயணியின் பொய்முடி பறந்துபோனது. நூரி சுறாக்களுக்கு நடுவே குதித்து அதை மீட்டாள். துண்டில் சுருட்டிக் கொடுத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"மத்தவங்க குறையை நாம மறைச்சா, அல்லாஹ் நம்ம குறையை மறைப்பான்" என்று முடித்தாள். இனித் தெரு அமைதியாகும் என்று நிம்மதியாகத் தையலில் உட்கார்ந்தாள்.

இஃபாத் நேரே மாமாவிடம் போனாள். "பயப்படாதீங்க மாமா. உங்க குறையை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"எனக்கு என்னம்மா குறை?"

"அதான் சொல்ல மாட்டேன்னேனே!"

மன்சூர் அலி கண்ணாடியில் பல்லைப் பார்த்தார். சட்டையை மோந்து பார்த்தார். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அவள் நக்கிச் சாப்பிட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். தெரு முழுக்க இதே கதைதான். தஹ்ஸீனையும் பிள்ளைகள் பரிவோடு பார்த்து, "உங்களதும் எங்ககிட்ட பத்திரமா இருக்கு மாமி" என்றார்கள். அவளுக்கு ஊசி கையில் ஏறியது.

அடுத்த கதைக்குப் பிள்ளைகளுக்கு முன்னால் உம்மாக்கள் வந்து இடம் பிடித்தார்கள். மருமகள் இஃபாத்தைக் கூப்பிட வந்ததுபோல மன்சூர் அலியும் வாசலில் நின்றார். தைக்க வேண்டிய துணி குவிந்து கிடந்தது. இத்தனை பேர் தன் வாயையே பார்த்திருப்பது தஹ்ஸீனுக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

"இன்னைக்கு என்ன குணம் லாத்தா?" சஃபியா பயந்துகொண்டே கேட்டாள்.

"இருக்கிறதை எடுத்து மத்தவங்களுக்குக் கொடுக்குற குணம்."

பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே கும்பலாக எழுந்து, அவரவர் பீரோவைப் பூட்ட ஓடினார்கள்.