என் ஈரலின் பின்படலை

என் ஈரலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சத்திரசிகிச்சை நிபுணரின் மேசையில் இருந்த கம்பியூட்டர் திரையில் அது மெல்ல மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. சதை கண்ணாடி போலத் தெரிய, உள்ளே நீலத்தில் ஒரு குழாய்க் கூட்டம், ரோசா நிறத்தில் இன்னொன்று. அவ்வளவு வடிவு. கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த என் கணவர் முழங்கையால் இடித்தார்.

"இஞ்சரும், என்ன சிரிப்பு? மனுசன் கான்சரைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருக்கிறார்."

"தெரியும். என்ரை கூறைச்சீலையும் இந்தளவு வடிவில்லை."

பயத்தில் வந்த சிரிப்புத்தான் அது. அதற்கு முந்திய கிழமை எடுத்த ஸ்கானில், ஈரலின் வலது மேற்பக்கத்தில் ஒரு கட்டி, ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் பெரிய குழாய் ஒன்றில் சாய்ந்துகொண்டு நின்றது. அந்தக் குழாயை வெட்டினால் வலப்பக்கம் முழுவதும் போய்விடும். எனக்கோ இடப்பக்கம் பிறப்பிலேயே சின்னன். மிஞ்சுவது உயிர் வாழப் போதாது. "வெட்டலாமோ இல்லையோ எண்டு இப்ப சொல்லேலாது அம்மா. படங்களைச் சேர்த்து முப்பரிமாணமாச் செய்து பாத்திட்டுச் சொல்லுறன்" என்று டொக்டர் அனுப்பிவிட்டார். அந்தக் கிழமை முழுக்க எனக்கு ஒரே விசர்ச் சிரிப்பு. புட்டு அவிக்கும்போது சிரித்தேன். கோயிலில் தீபாராதனை நேரத்தில் சிரித்து, ஐயரின் முறைப்பை வாங்கினேன்.

என் கணவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். பக்கத்து வளவு அவருடைய சொந்த அண்ணனுடையது. இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி. ஒவ்வொரு வருடமும் அந்த வேலியைப் பிரித்து அடைக்கும் நாளில், எல்லை பிடிக்கும் கயிற்றோடு விடியவே போய்க் கதிரை போட்டு இருந்துவிடுவார். வேலிக்கு நட்ட கதியால் தடி ஒரு விரல் இந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடுங்கி எறிவார். என் பிள்ளைப்பேற்றுக்குக்கூட, வேலி அடைத்து முடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அதை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை.

டொக்டர் திரையில் என் ஈரலைத் தலைகீழாகப் புரட்டினார். அடியில் இன்னொரு நீலக் குழாய் தெரிந்தது.

"இது எல்லாருக்கும் இவ்வளவு பெரிசா இராது. தட்டையான படத்திலை எனக்கும் இது வடிவா விளங்கேல்லை. மேலை கட்டியோடை பெரிய குழாயையும் சேர்த்து எடுத்தாலும், கீழ்த் துண்டின்ரை ரத்தம் இந்த வழியாலை வெளியிலை போகும். அதாலை கீழ்த் துண்டை எடுக்கத் தேவையில்லை. மிஞ்சிறது உங்களுக்குக் காணும்."

"அப்ப எனக்குப் பின்படலை ஒண்டு இருக்கு" என்றேன்.

"ஓம் அம்மா. பிறந்ததிலை இருந்தே இருக்கு."

இவ்வளவு காலமும் எனக்குள் ஒரு படலை, வளவுக்குப் பின்வாசல் போல, திறந்து கிடந்திருக்கிறது, எனக்கொரு சொல் சொல்லவில்லை. சந்தோசத்தில் எழும்பி ஆடலாம் போல இருந்தது. ஆனால் டொக்டர் திரையில் மஞ்சள் கோடு ஒன்றைக் கீறியதும் பக்கத்துக் கதிரை கிரீச்சிட்டது. என் கணவர் முன்னால் சாய்ந்துவிட்டார்.

"டொக்டர், கட்டி அங்கை நிக்குது. உங்கடை கோடு இஞ்சை நிக்குது. நடுவிலை இருக்கிறது எங்கடை பக்கமெல்லே."

"கட்டியை ஒட்டி வெட்டக்கூடாது ஐயா. சுத்திவர நல்ல ஈரலும் கொஞ்சம் சேர்ந்து போகோணும். இல்லாட்டி மிச்சம் நிண்டு திரும்ப வரும்."

"ஒரு விரல் அங்காலை தள்ளிப் போட்டால் என்ன?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டொக்டரும் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். இவர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "நல்லதையும் சேர்த்தெல்லோ குடுக்கிறம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

சத்திரசிகிச்சை நாளன்று என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து வாசல் வரை கொண்டுபோனார்கள். சிரிப்பு எங்கோ ஓடிவிட்டது. பச்சை உடுப்போடு டொக்டர் வந்தார். இவர் அவருக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார். ஐயோ, இந்த நேரத்திலுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டொக்டர் தம்பி, நான் அண்டைக்குக் கதைச்சதை மனசிலை வைச்சிராதேங்கோ. இன்னும் ரெண்டு விரல் உள்ளுக்கை வேணுமெண்டாலும் எடுங்கோ. ஆளைத் திருப்பித் தாங்கோ."

அவருடைய குரல் உடைந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கதவு சாத்துமட்டும் அவரையே பார்த்துக்கொண்டு போனேன். அழுகையும் வந்தது, பாழாய்ப்போன சிரிப்பும் திரும்பி வந்தது.

கண் விழித்தபோது கட்டி போயிருந்தது. வெட்டிய விளிம்பில் நோய் இல்லை என்று பிறகு முடிவும் வந்தது. கீழ்த் துண்டு தன் பின்படலையால் ஒழுங்காக வேலை செய்தது. மிஞ்சிய ஈரல் வளரும் என்று டொக்டர் சொன்னபோது, "எந்தப் பக்கத்தாலை?" என்று இவர் கேட்டார். சிரித்ததில் தையல் நொந்து கண்ணீர் வந்துவிட்டது.

வீட்டுக்கு ஓட்டோவில் வந்தோம். படலைக்குள் திரும்பியதும் பார்க்கிறேன், பக்கத்து வளவு வேலி புதுத் தென்னங்கிடுகோடு பளபளவென்று நிற்கிறது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில் இவருடைய அண்ணர் தனியாக அடைத்திருக்கிறார். இவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"என்னப்பா, வேலி அடைச்சாச்சு போலை. எல்லை சரியோ?"

இவர் என்னைத் தாங்கி இறக்குவதிலேயே குறியாக இருந்தார். வேலிப் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கென்னெண்டு தெரியும்? நான் உம்மோடை ஆஸ்பத்திரி வாட்டிலை எல்லோ நிண்டனான். நீர் காலைப் பாத்து வையும்."